வலை கட்டினார்கள், வழிகாட்டி எங்கே?

பாரூர் பெரிய ஏரிக் கரையோரம் மாலை வேளையில் நடந்து போனால், தென்னந்தோப்புக்கு அப்பாலிருந்து ஓர் ஓசை கேட்கும். உள்ளங்கை பந்தை அறையும் ஓசை. அருகே சென்று பார்த்தோம். சவுக்குக் கம்பம் இரண்டு; நடுவிலே தொய்ந்துபோன வலை; இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர்; சுற்றி நின்று தீர்ப்புக் கூற அறுபது பேர்! கோடு போடச் சுண்ணாம்பு இல்லை, குச்சியால் கீறியிருக்கிறார்கள். ஆகவே பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்ற வழக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று எழுகிறது. வாதாட வக்கீல்களுக்குப் பஞ்சமே இல்லை.

அந்தக் கூட்டத்திலே ஒரு பிள்ளை. மாந்தோப்பிலே கூலி வேலை பார்க்கும் தாயின் மகன். பக்கத்து நகரக் கல்லூரி ஒன்றிலே பட்டப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. எகிறினான் என்றால் வலைக்கு மேலே முழங்கை தெரிகிறது. ஆனால் எகிறிய வேகத்திலே வலையில் போய் மோதுகிறான். எதிர்ப்பக்கத்துக்கு ஒரு புள்ளி. மறுபடியும் எகிறுகிறான், மறுபடியும் வலை. ஆட்டம் முடிந்ததும், பத்திரிகைக்காரர் என்று யாரோ சொல்லக் கேட்டு, நம்மிடம் வந்து நின்றான்.

"ஐயா, எகிறுறதுக்கு முன்னாடி கடைசியா எந்தக் கால வைக்கணும்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

நமக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே வெட்கம் வந்தது. வலக்கைக்காரன் கடைசி இரண்டு அடியை வலது, இடது என்று வைக்க வேண்டும். முன்னோக்கி ஓடிய வேகத்தை அந்த இடது கால் தடுத்து, மேல்நோக்கித் திருப்பிவிட வேண்டும். அப்போதுதான் வலையிலே விழாமல் நேரே எழும்ப முடியும். உலகெங்கும் பள்ளிப் பிள்ளைக்கு முதல் மாதத்திலே சொல்லித் தருகிற பாடம் இது! கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடிய இளைஞன், வழியிலே போன நம்மைப் பிடித்து இதைக் கேட்கிறான்.

அவன் படிக்கும் கல்லூரியிலே ஆடுகளம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது! நன்றாக இருக்கிறது! அதன் பெயரைக் குறிப்பிட்டு அந்த நிர்வாகத்தாரை நோகடிக்க நாம் விரும்பவில்லை. ஏனெனில் அது ஒரு கல்லூரியின் கதையன்று. சிமெண்டுத் தரை, பளபளக்கும் கம்பம், நான்கு பக்கமும் கம்பி வேலி, நன்கொடை கொடுத்தவர் பெயர் பொறித்த சலவைக்கல். பந்தல் போட்டுத் திறப்பு விழா நடந்தது. மாலைகள் விழுந்தன, ரிப்பன் அறுந்தது, பெரிய மனிதர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தைத் தட்ட, அது கம்பத்திலே பட்டு அவரிடமே திரும்பி வந்தது. கைதட்டினார்கள். மறுநாள் முதல் பிள்ளைகள் அங்கே ஆடுகிறார்கள். எப்படி ஆடுகிறார்கள்? ஏரிக்கரையிலே எப்படி ஆடினார்களோ அப்படியே! தரை மாறியது, ஆட்டம் மாறவில்லை.

உண்மையில் பார்த்தால் சிமெண்டுத் தரையைவிட ஏரிக்கரை மண்ணே மேல். ஒரு மாலைப் பொழுதிலே நூறு முறை எகிறி நூறு முறை இறங்குகிறவனுடைய முழங்காலைக் கேளுங்கள், சொல்லும். முட்டிச் சிப்பிக்குக் கீழே இருக்கிற நாண், கெட்டித் தரையிலே திரும்பத் திரும்பக் குதிப்பதால் வலியெடுத்துப் புண்ணாகிறது. கைப்பந்துக்காரரை அதிகம் பிடிக்கும் நோய் அது. தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, சமன் செய்த செம்மண் தரை நம் பகுதியிலே கைக்கெட்டும் செலவிலே கிடைக்கும். ஆனால் செம்மண்ணில் சலவைக்கல் பதிக்க முடியாதே!

கைப்பந்து ஆடம்பர ஆட்டமன்று. 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரிலே, ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் வேலை பார்த்த வில்லியம் மார்கன் என்பவர் இதை உண்டாக்கினார். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வருகிறவர்கள் முட்டிமோதாமல் ஆடட்டும் என்பது அவர் எண்ணம். களம் நீளம் 18 மீட்டர், அகலம் 9 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் நான்கு சென்ட். சுற்றிலும் மூன்று மீட்டர் இடம் விட்டாலும் ஒன்பது சென்டுக்குள் அடங்கிவிடும். கிரிக்கெட்டுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். இதற்கு ஒரு வீட்டு மனையைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். ஏழை ஊர்கள் இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

இடம் கொஞ்சம், செலவு கொஞ்சம். ஆனால் பயிற்சி கொஞ்சமன்று. பந்தைப் பிடிக்கக்கூடாது, தாங்கக்கூடாது. தொடுகிற கணத்திலேயே அது கையை விட்டுப் போய்விட வேண்டும். தவறைத் திருத்திக்கொள்ள ஆட்டத்துக்குள்ளே நேரமே கிடையாது. ஆட்டத்துக்கு வெளியே, ஆயிரம் முறை, கண்கொத்திப் பாம்பாக ஒருவர் பார்த்துக்கொண்டு நின்று, "தோளை இறக்கு, மணிக்கட்டை மடக்கு, ஓர் அடி பின்னால் நின்று புறப்படு" என்று சொன்னால்தான் திருந்தும். அப்படிச் சொல்கிறவர்தான் பயிற்றுநர். அவர் இல்லாத இடத்திலே நாம் எதைக் கட்டினாலும் அது கட்டடந்தான்.

"கல்லூரிக்கு உடற்கல்வி இயக்குநர் இருக்கிறாரே" என்பார்கள். இருக்கிறார், பாவம்! ஓட்டம் அவர், கபடி அவர், கோகோ அவர், சதுரங்கமும் அவரே. சுதந்திர நாள் அணிவகுப்பு அவர் தலையில். விளையாட்டு விழாவுக்குப் பந்தல்காரரைப் பிடிப்பதும் அவர்தான். போட்டிக்குப் போகிற பிள்ளைக்குச் சான்று எழுதி, வருகைப்பதிவுக்காகத் துறைத்தலைவர்களிடம் நடையாய் நடப்பதும் அவர்தான். ஆயிரம், இரண்டாயிரம் மாணவர்க்கு ஒருவர். அவரைக் குறைகூறுவது, ஒற்றை மருத்துவர் உள்ள ஊரிலே அவர் ஏன் கண் அறுவை செய்யவில்லை என்று கேட்பதற்குச் சமம். இயக்குநர் வேறு, பயிற்றுநர் வேறு. முன்னவர் நிர்வாகம் செய்பவர். பின்னவர் ஓர் ஆட்டத்தையே வாழ்வாகக் கொண்டவர். இந்த வேறுபாட்டைப் பணம் ஒதுக்குகிறவர்கள் உணர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

வெளிநாட்டு வியப்பு ஒன்றைச் சொல்கிறோம். 2023 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரிலே பல்கலைக்கழகப் பெண்கள் கைப்பந்து ஆடினார்கள். பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 92,003! அச்சுப் பிழையன்று, தொண்ணூற்று இரண்டாயிரத்து மூன்று. சோளமும் மாடும் வளர்க்கிற மாநிலம் அது. அங்கே இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது? 1977-இல் டெர்ரி பெட்டிட் என்ற பயிற்றுநரை அமர்த்தினார்கள். அவர் 1999 வரை இருந்தார். அடுத்து ஜான் குக். 2000 முதல் 2024 ஆட்டப் பருவம் வரை. நாற்பத்தெட்டு ஆண்டில் இரண்டே பேர்! பெட்டிட்டுக்கு முதல் தேசிய வெற்றி கிடைத்தது 1995-இல், அவருடைய பத்தொன்பதாவது பருவத்திலே. நம் ஊராக இருந்தால் இரண்டாம் ஆண்டே "என்ன சாதித்தார்?" என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அவர்களிடம் பணம் கொழிக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பொறுமை பணத்தால் வந்ததா?

பணக்கார நாட்டுக் கதை வேண்டாமென்றால் ஆலைத் தொழிலாளர் கதை இருக்கிறது. ஆலைகள் சூழ்ந்த நமக்கு அதுவே பொருத்தம். ஜப்பானிலே ஒசாகாவுக்கு அருகே கைசூக்கா என்ற ஊர். அங்கே நிச்சிபோ என்ற நூற்பு நிறுவனத்தின் ஆலை. போரிலே நொறுங்கிப்போன நாடு அப்போதுதான் தலைதூக்கிக்கொண்டிருந்தது. ஆலையில் பணிபுரிந்த இளம்பெண்களைச் சேர்த்து ஓர் அணி உண்டாக்கினார்கள். ஹிரோபுமி டைமாட்சு என்பவரைப் பயிற்றுநராக வைத்தார்கள். பகலிலே வேலை, மாலை தொடங்கி நள்ளிரவு வரை பயிற்சி. பாய்ந்து பந்தை எடுத்து, தரையிலே உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நிற்கும் வித்தையை அவர்கள் பழகினார்கள். 1962-இல் உலகப் போட்டியில் வென்றார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலே கைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, அந்த ஆலைப் பெண்களே பெரும்பாலும் நிறைந்த ஜப்பானிய அணி அக்டோபர் 23 அன்று சோவியத் அணியை மூன்றுக்குச் சுழியம் என்று வீழ்த்தித் தங்கம் பெற்றது. டைமாட்சுவின் கடுமை நமக்கு உடன்பாடில்லை. பெண்களைச் சோர்ந்து விழும்வரை வதைத்தார் என்று அக்காலத்திலேயே கண்டித்தவர்கள் உண்டு. அந்தக் கசையை விட்டுவிடுவோம். ஆலை தன் பணத்தை எதிலே போட்டது என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நம்மிடம் எதுவுமே இருந்ததில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 1920-லேயே சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். 1961-இல் அர்ஜுனா விருது பிறந்தபோது, கைப்பந்துக்காக அதை முதலில் பெற்றவர் பெயர் ஏ. பழனிசாமி. 1958 ஆசியப் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலம், 1962-இல் வெள்ளி, 1986-இல் சியோலில் மீண்டும் வெண்கலம். தமிழ்நாட்டின் ஜி.இ. ஸ்ரீதரன் 1982-இல் அர்ஜுனா விருது பெற்று, பின்னர் இந்திய அணிக்கே பயிற்றுநரானார். 1986-க்குப் பிறகு? 2023-இல் ஹாங்சோவில் நம் ஆடவர் தென்கொரியாவைத் தோற்கடித்தபோது துள்ளினோம். ஆறாம் இடத்தோடு திரும்பினோம். பதக்கம் மட்டும் அந்த 1986-லேயே நின்றுவிட்டது.

அண்டையிலே கேரளத்தைப் பாருங்கள். கண்ணூர் மாவட்டத்துப் பேராவூர் என்ற மலையோரச் சிற்றூரிலே எட்டுச் சகோதரர்கள் ஒரே வீட்டில் கைப்பந்து ஆடி வளர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜிம்மி ஜார்ஜ் கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 1976-இல் அர்ஜுனா விருது பெற்று, இத்தாலி நாட்டவர் விலைகொடுத்து அழைத்துக்கொள்ளும் அளவுக்கு உயர்ந்தார். அங்கே விளையாட்டுக் கழகம் கல்லூரிகளை ஒட்டியே விடுதிகள் நடத்துகிறது. சோறு, படிப்பு, பயிற்சி மூன்றும் ஓரிடத்தில். அவ்வளவு தூரம் போவானேன்? நம் மேற்கு மாவட்டத்திலேயே கோபிசெட்டிபாளையம் இருக்கிறது. அங்குள்ள பி.கே.ஆர். மகளிர் கலைக் கல்லூரியின் பெயர், மாநிலத்துப் பெண்கள் கைப்பந்துப் போட்டி என்றால் அடிபடாமல் இருப்பதில்லை. சென்னையன்று, கோவையன்று, வாழையும் மஞ்சளும் விளைகிற கோபி! கோபியால் முடிந்தது கிருஷ்ணகிரியால் ஏன் முடியாது?

பணம் இல்லையா? இந்தக் கேள்வியை வேறு மாவட்டத்தார் கேட்கலாம், நாம் கேட்கக்கூடாது. எழுபதுகளிலே ஓசூருக்குச் சிப்காட் வந்தது. எண்பதுகளிலே லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று வரிசையாகப் புறப்பட்டன. இன்று கைப்பேசிக்குப் பாகம் செய்யும் ஆலையிலே ஆயிரக்கணக்கான பெண்கள். பாரூரின் பக்கத்திலேயே, போச்சம்பள்ளி சிப்காட்டில், 2021-இல் மின்சார ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. நம் நிலம், நம் நீர், நம் பிள்ளைகளின் உழைப்பு. வந்தவர்களை வாழ்த்தி வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறதே!

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், 135-ஆம் பிரிவு. சொத்து மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எங்கே? தான் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு கூறுகிறது. எதற்கு? ஏழாம் அட்டவணையிலே பட்டியல் போட்டிருக்கிறார்கள். கிராம விளையாட்டு, நாடறிந்த விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றை வளர்ப்பதற்கான பயிற்சி அதிலே ஓர் இனம். பயிற்சி! சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, முதலிலே வர வேண்டியது எது என்று. சலவைக்கல் என்று அந்த அட்டவணையிலே எங்கும் காணோம்.

பயிற்றுநருக்கு எங்கே போவது என்றும் தவிக்க வேண்டியதில்லை. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல நிலையம் அங்கேதான் இருக்கிறது; பயிற்றுநர் பட்டயம் தருகிற இடம். நம் மாநிலத்து உடற்கல்விக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் இளைஞர்கள் வெளியே வருகிறார்கள். ரயில்வேக்கும் வங்கிகளுக்கும் ஆடி ஓய்ந்த மூத்த ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ஆள் இருக்கிறது, அவர் குடும்பத்தோடு இந்த ஊரிலே வந்து தங்குகிற அளவுக்குச் சம்பளந்தான் இல்லை. பகுதிநேரம், தொகுப்பூதியம், போட்டிக்குப் பதினைந்து நாள் முன்னால் வந்து பந்தைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போவது. இதற்குப் பெயர் பயிற்சியன்று, சடங்கு.

ஆகவே நாம் கேட்பது இது. கிருஷ்ணகிரி, பர்கூர், ஓசூர்க் கல்லூரிகள் ஆளுக்கொரு வலை கட்டிப் போட்டி போடாமல், முதலிலே ஆடவர்க்கு ஒருவரும் பெண்களுக்கு ஒருவருமாக இரண்டு முழுநேரப் பயிற்றுநர்களைக் கூட்டாக அமர்த்தட்டும். ஐந்தாண்டுக்குக் குறையாத ஒப்பந்தம். அந்தச் சம்பளத்தை ஆலைகள் ஏற்கட்டும். வாரத்திலே இரண்டு மாலை அவர்கள் பாரூர் போன்ற ஊர்களின் பள்ளித் திடலுக்கும் வரட்டும். ஏனென்றால் பதினெட்டு வயதிலே கல்லூரிக்குள் நுழைந்தவனுக்குக் காலடியைத் திருத்துவது, முற்றிய மூங்கிலை வளைப்பது போல. பன்னிரண்டு வயதிலே அது எளிது.

அதற்கு அடுத்தது பந்து. சிரிக்காதீர்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு பந்து என்றால் ஒருவன் கைக்கு அது வருவதற்குள் பதினொருவர் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆளுக்கொரு பந்து கொடுத்தால் அதே ஒரு மணி நேரம் பத்து மணி நேரத்துக்குச் சமம். ஒரு திறப்பு விழாப் பந்தலின் செலவிலே எத்தனை பந்து வாங்கலாம் என்று விழாக் குழுவினரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். பிறகு விளக்கு, இருட்டினால் ஆட்டம் நின்றுவிடுகிறது. பிறகு முட்டை, பால், சுண்டல். காலையில் கூழ் குடித்துவிட்டு வந்து, மதியம் எலுமிச்சைச் சோற்றை அவசரமாக விழுங்கி, மாலையில் நூறு முறை எகிறு என்றால் உடம்பு எங்கே போகும்?

பெண் பிள்ளைகள் விஷயத்திலே இன்னொன்றும் உண்டு; இதைத் திடல் கட்டுகிறவர்கள் நினைப்பதே இல்லை. பள்ளியிலே நன்றாக ஆடுகிற பெண்கள் நம் பகுதியிலே இருக்கிறார்கள். கல்லூரிக்கு வந்ததும் காணாமல் போகிறார்கள். கேட்டுப் பார்த்தோம். "வீட்டுக்குப் போக நேரமாகிவிடும்" என்பதுதான் பதில். 2021 முதல் நகரப் பேருந்திலே பெண்களுக்குக் கட்டணமில்லை. டிக்கெட் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பயிற்சி முடிகிற நேரத்துக்கு ஊருக்குப் பேருந்து வேண்டுமே! பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை விளக்கு வேண்டுமே! உடை மாற்ற ஓர் அறை, கழிவறை, தண்ணீர். இவை இல்லாத ஆடுகளத்துக்கு எந்தத் தாய் மகளை அனுப்புவாள்? ஷிப்டு முடிந்த பெண்களை இரவு எந்நேரமானாலும் வீட்டருகே கொண்டுவந்து விட ஆலைகள் வண்டி வைத்திருக்கின்றன. அதே சாலையிலே, அதே நேரத்தில், கல்லூரிப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு ஒரு வண்டி ஓடக்கூடாதா?

"பந்தடித்தால் படிப்பு போய்விடும், சோறு போடுமா பந்து?" என்று கேட்கும் பெரியவர்களை நாம் பகடி செய்ய மாட்டோம். கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்களுக்கு அந்தப் பயம் வருவது நியாயமே. அவர்களுக்கு நாம் சொல்வது: அரசுப் பணியிலே விளையாட்டு வீரர்க்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, ரயில்வே, காவல்துறை, படைகள் ஆட்டக்காரரை எடுக்கின்றன. ஆனால் அந்தக் கதவு மாநில அளவில், தேசிய அளவில் ஆடிய சான்றுக்குத்தான் திறக்கும். ஏரிக்கரையிலே எகிறியவனுக்குத் திறக்காது. முதலமைச்சர் கோப்பைப் போட்டியிலே கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வைத்து, வென்றவர்க்குப் பரிசுத் தொகை தருகிறார்கள், நல்லதே. ஆனால் மாவட்டத்தைத் தாண்டுவதற்கே கற்றுக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு அந்தப் பரிசு, கடை வாசலில் நின்று பார்க்கிற பலகாரந்தான்.

பாரூர்ப் பிள்ளையிடம் வலது, இடது என்று நாம் சொன்னோம். எங்கோ படித்த பாடந்தான். இருட்டு கவிகிற வேளையிலே கம்பத்தருகே போய் நான்கு முறை ஓடி எகிறிப் பார்த்தான். மூன்று முறை வலையிலே விழுந்தான். நான்காம் முறை நேரே எழும்பி நேரே இறங்கினான். "சரியா ஐயா?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டான். சரிதானா என்று நமக்கு உறுதியாகத் தெரியவில்லை. நாம் பேனா பிடிக்கிறவர்கள். பட்டப் படிப்பு மூன்றே ஆண்டு. அவன் ஜூன் மாதம் மூன்றாம் ஆண்டுக்குப் போகிறான்.